வாலில் கட்டிய ஈயம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அடுப்பில் பால் வைத்தவர்கள் இறக்கிவிட்டு வாருங்கள், பாதியில் எழுந்து ஓடினால் எனக்குக் கோர்வை அறுந்துபோகும். இன்றைக்கு ஒரு துப்பறியும் கதை சொல்லப்போகிறேன். கொலை கிடையாது. பீரோவுக்குள் பிணம் கிடையாது. களவு போன வைர மாலையும் கிடையாது. முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு விமானம்தான் உண்டு. முதலில் கேட்டபோது நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். நீங்களும் சிரித்துக்கொண்டே ஆரம்பியுங்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்று பார்ப்போம்.

யுத்தம் முடிந்து நாலாவது வருஷம், பங்குனி மாதம். சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்தில் ராமாமிர்தம் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஆபீஸ். யுத்த காலத்தில் சென்னையில் சர்க்கார் தணிக்கை ஆபீசில் உட்கார்ந்து, பட்டாளத்துத் தமிழ்க் கடிதங்களைப் படித்து, கூடாத வரிகளில் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தவள். அத்தனை பேர் எழுத்தைப் படித்தவளுக்கு ஆட்களைப் படிப்பது பெரிய காரியமாக இல்லை. யுத்தம் முடிந்த பிறகு, காணாமல் போனவர்களைத் தேடித் தருவதையே தொழிலாக வைத்துக்கொண்டாள். நாற்பது வயது. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. அவள் புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு ஒத்தாசை பழனிவேல். குறிஞ்சிப்பாடிக்காரன். பஸ் கண்டக்டராக இருந்து வாய்க்கொழுப்பால் வேலையை விட்டவன். அந்த வாய்க்காகத்தான் ராமாமிர்தம் அவனை வைத்திருந்தாள். அவன் பேச்சில் எதிராளி அசந்திருக்கிற நேரத்தில், அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவாள்.

அன்று காலை ஏழு மணிக்கு, கீழ வீதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் சாரதாம்பாள். இருபத்தைந்து வயது இருக்கும். பழைய புடவையில் நீளமாக எதையோ சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

"குழந்தையாம்மா?" என்றான் பழனிவேல். "காலு ஆறடி நீட்டிக்கிட்டிருக்கு. ஜாதகத்தைப் பாத்து வையுங்க."

அவள் சிரிக்கவில்லை. புடவையைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். ஒரு போர் விமானம். மூங்கில் சீவலும் தக்கைக் கட்டையும் தாளும் சேர்த்துச் செய்த பொம்மை. ஆனால் பொம்மை என்று சொல்ல வாய் வராது. மூக்கில் கட்டைவிரல் பருமனில் நிஜ எஞ்சின். வயிற்றுக்குள் ஒரு ரேடியோ வால்வு, இரண்டு பாட்டரி, கம்பிச் சுருள். மேலே ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய ஒரே நீளமான இறக்கை.

"அரிக்கேன்னு பேராம்" என்றாள் சாரதாம்பாள். "அவுங்க கடுதாசியில படம் போட்டிருந்தாங்க. அதே மாதிரி இருக்கு."

"எங்க ஊர்ல அரிக்கேன்னா வெளக்கு. இது பறக்குது" என்றான் பழனிவேல்.

"பழனி, செத்த சும்மா இரு" என்றாள் ராமாமிர்தம். "நீ உக்காரும்மா. முதல்லேருந்து சொல்லு."

சாரதாம்பாள் சொன்னாள். புருஷன் பேர் ஹேமசபேசன். கல்யாணமான எட்டாம் மாதம் ஆகாயப்படையில் வயர்லெஸ் மெக்கானிக்காகச் சேர்ந்தான். நாற்பத்து நாலில் பர்மா எல்லையிலிருந்து ஒரு தந்தி, 'காணவில்லை' என்று. அதோடு சரி. வீட்டில் அவளும் மாமியார் சிவகாமியம்மாளும்தான்.

"போன செவ்வாய்க்கிழமை மாடியில வடாம் காய வச்சிட்டிருந்தேன். பொறிவண்டு மாதிரி ஒரு சத்தம். நிமிந்து பாத்தா இது, எங்க மாடிக்கு மேல வருது. அப்பறம் திரும்புச்சு, சுத்துச்சு, பக்கத்து முருங்கையில வந்து மாட்டிக்கிச்சு. யாரும் தேடி வரலை. எடுத்துப் பாத்தா இறக்கைத் தாளு கிழிஞ்சிருந்துச்சு. உள்ள இருக்கிற சட்டத்துல எழுத்து. அவுங்க எழுத்து அக்கா."

கிழிசலை விரலால் விலக்கிக் காட்டினாள். மூங்கில் சட்டத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தது:

'மூக்கில் அரைப் பலம் ஈயம். வலப்பக்கம் முருங்கை. மாடிக்கு மேலே இடப்பக்கமாகவே சுற்றட்டும்.'

"முருங்கைன்னு எழுதியிருக்கு. எங்க வீட்டு முருங்கை. அது அவுங்களைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" அவள் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டாள். "காணவில்லைன்னா செத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லையே. உசிரோட எங்கயோ பக்கத்துல இருக்காங்க. ஏதோ காரணத்துக்கு வீட்டுக்கு வராம இருக்காங்க. எங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. இந்தத் தாலி நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும்."

"மாமியார் என்ன சொன்னாங்க?"

"அத்தைகிட்ட எழுத்தைக் காட்டினேன். 'யாரோ வெளையாட்டுக்குப் பண்ணது, தூக்கிப் போடு'ன்னாங்க. அன்னிக்கு அவுங்க சாப்பிடலை. அவுங்களும் மனசுக்குள்ள நம்பிக்கிட்டுதான் இருக்காங்க அக்கா. தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கீழ சன்னதிக்குப் போய் எனக்குப் பூ வாங்கியாந்து நீட்டுவாங்க. மாமா போனதுலேருந்து தன் கையால யாருக்கும் வச்சு விடக்கூடாதுன்னு, வாழையிலைப் பொட்டணத்தோட நீட்டுவாங்க. வருஷா வருஷம் மாசியில திருவந்திபுரம் போய் மகன் திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டு, எனக்குக் குங்குமம் கொண்டாருவாங்க."

"நடராசர் காலடியில குடியிருந்துக்கிட்டு மனுவைப் பெருமாள்கிட்டயா குடுக்கிறாங்க?" என்றான் பழனிவேல். "உள்ளூர் ஆபீஸ்ல வேலை நடக்கலை போலிருக்கு."

ராமாமிர்தம் இறக்கையை ரப்பரிலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு உடம்பை எடுத்துப் பார்த்தாள். இறக்கையின் தாள் பழுத்து வெற்றிலைச் சருகு மாதிரி இருந்தது. உடம்பில் ஒட்டியிருந்தது சிவப்புக் காற்றாடித் தாள், நேற்று வாங்கியது போலப் பளபளத்தது.

"பழனி, ஈயம் எங்க இருக்கு பாரு."

அவன் மூக்கைத் தடவினான். இல்லை. வாலடியில் விரல் விட்டான். மீன் வலையில் கோக்கிற ஈயக்குண்டு மூன்று, நூலில் கட்டியிருந்தது.

"எழுதியிருக்கிறது மூக்குல. வச்சிருக்கிறது வால்ல" என்றான். "திருப்புற சுக்கான் தகடும் வலப்பக்கமா வளைஞ்சிருக்கு. எழுத்துல இடப்பக்கம். சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. சந்தேகமே வேணாம்மா, இது புருஷன்தான்."

சாரதாம்பாள் முதல் தடவையாகச் சிரித்தாள். ராமாமிர்தம் சிரிக்கவில்லை. அவளுக்கு நகைச்சுவை எப்போதுமே கொஞ்சம் தாமதம் என்று பழனிவேல் நினைத்துக்கொண்டான்.

எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் வைக்கிற டாங்க், ஒரு சின்ன மருந்துப் பாட்டில். முகர்ந்து பார்த்தான். "வெளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுக்கிற ஈதர். இதைக் குடிச்சா எங்க மாமனாரே பறப்பாரு." பிறகு பாட்டிலின் பக்கவாட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தான். வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஒட்டுகிற தாள் பட்டை இன்னும் அதில் இருந்தது. "அக்கா, இந்தக் கத்தரிக்கோல் யாருதுன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் பட்டையைப் படி மாதிரி வெட்டுவாங்க. இவரு ஒவ்வொரு படிக்கும் ஒரு மீன்வால் வெட்டுவாரு. மஞ்சக்குப்பத்து மருந்துக்கடை கம்பவுண்டர். மலேரியா வந்தப்போ இந்த மீன்வாலைப் பாத்துக்கிட்டேதான் பதினெட்டு வேளை முழுங்கினேன்."

"கடலூர் பாசஞ்சர் எத்தனை மணிக்கு?"

"ஏழே முக்கால்."

"அம்மா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, உங்க அத்தை பூ வாங்கப் போற நேரத்துக்கு வீட்டுக்கு வரேன். எது தெரிஞ்சாலும் அப்படியே சொல்லிடுவேன், பரவாயில்லையா?"

"அப்படியே சொல்லுங்க அக்கா" என்றாள் சாரதாம்பாள். "அஞ்சு வருஷமா யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லலை."

ரயிலில் ஒரு வேடிக்கை நடந்தது. பரங்கிப்பேட்டை தாண்டியதும் ராமாமிர்தம் கட்டுச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். நாலு பருக்கையை நசுக்கிப் பசையாக்கினாள். ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, "அந்தக் கிழிசலை ஒட்டி மூடு" என்றாள்.

"எதுக்கு அக்கா? எழுத்து மறைஞ்சுடுமே."

"குளிரடிக்கும் அதுக்கு."

பங்குனி வெயிலில் ஜன்னல் கம்பியே சுட்டது. பழனிவேல் மறுபேச்சுப் பேசாமல் ஒட்டினான். அவள் இப்படி ஏறுமாறாகப் பதில் சொன்னால், உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

மஞ்சக்குப்பத்தில் கம்பவுண்டர் தேவநாதன் பாட்டிலைப் பார்த்ததுமே தலையாட்டினார். "என் பட்டைதான். ஈதர் வாங்கிட்டுப் போவாரு. அஞ்சு மாசமா வராரு. பேரு கலியமூர்த்திம்பாரு. தேவனாம்பட்டினத்துக் கரையில ரேடியோ ரிப்பேரு."

"எப்படி இருப்பாரு?"

தேவநாதன் குரலைத் தாழ்த்தினார். "முகத்துல துண்டு போட்டுக்கிட்டுதாம்மா வருவாரு. யுத்தத்துல வெந்து போச்சாம். ஒரு பக்கம் கண்ணே கெடையாது. நல்ல மனுஷன். ஆனா சிதம்பரம்னு பேச்செடுத்தா மட்டும் வாயை மூடிக்குவாரு. ஆருத்ராவுக்கு வாய்யான்னேன், 'அந்த வீதியில நான் கால் வைக்க முடியாது'ன்னுட்டாரு."

கடையை விட்டு இறங்கியபோது பழனிவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜட்காவில் ஏறியதும் ஆரம்பித்தான். "அக்கா, முடிஞ்சுது. முகம் வெந்து போச்சு. பொண்டாட்டி முன்னால போய் நிக்க வெக்கம். பேரை மாத்திக்கிட்டு இங்க உக்காந்திருக்காரு. மனசு கேக்கலை, ப்ளேனை அனுப்பி எட்டிப் பாக்குறாரு. அந்தப் பொண்ணுக்கு முகமா முக்கியம்? இப்பவே போய்க் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துடறேன். சாயங்காலம் கீழ வீதியில பாயசம்."

ராமாமிர்தம் கெடிலம் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்றபடியே இருக்கட்டும் பழனி" என்றாள். அதை அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கரையோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே பிரித்துப்போட்ட ரேடியோப் பெட்டிகள். துண்டால் பாதி முகம் மூடிய ஒருவன் சூட்டுக்கோலால் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பழனிவேலின் கையில் விமானத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"போலீசா?" என்றான். "லைசென்ஸ் இல்லாம சிக்னல் அனுப்புறது குத்தம்னு தெரியும். வரேன்."

"போலீஸ் இல்லை. ரெண்டு மரக்கிளை முறிஞ்ச கேஸ்" என்றான் பழனிவேல். "முருங்கைக்குச் சொந்தக்காரங்க அனுப்பினாங்க."

அந்த ஒற்றைக் கண் சட்டென்று தாழ்ந்தது.

"இதைப் பறக்கவிட்டுக் காட்டுங்க" என்றாள் ராமாமிர்தம். "அப்புறம் பேசிக்கலாம்."

கடற்காற்று எழும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கரை வெறிச்சென்று கிடந்தது. கலியமூர்த்தி இறக்கையை வைத்து ரப்பரை இழுத்து மாட்டினான். இரண்டு விரல் நுனியில் இறக்கையடியைத் தாங்கி, விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். எஞ்சினை ஓட்டாமல், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, கையால் மெதுவாக விட்டான். அது மிதந்துபோய், தலையைத் தூக்கித் தயங்கி, வாலடித்து மணலில் இறங்கியது.

"மரத்துல விழுந்ததுல மூக்குக் கட்டை ஒண்ணு உதிர்ந்திருக்கு" என்றான். "வால் கனம் ஜாஸ்தி." மூன்று ஈயக்குண்டில் ஒன்றைக் கடித்து எடுத்தான். மறுபடி விட்டான். இந்தத் தடவை தண்ணீரில் தோணி போவதுபோல் ஒரே சீராகப் போய் இறங்கியது. பிறகு தோளில் மாட்டிய பெட்டியின் பித்தானை அழுத்தினான். வாலில் சுக்கான் 'டிக்' என்று வலப்பக்கம் மடங்கியது. விட்டான், நேரானது. மறுபடி அழுத்தினான், இடப்பக்கம் மடங்கியது.

"கம்பி இல்லாம எப்படிக் கேக்குது?" பழனிவேல் வாய் பிளந்தான். "எங்க வீட்டுல கூப்பிடு தூரத்துல இருந்து சொன்னாலே கேக்க மாட்டேங்கறாங்க."

"ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள் ராமாமிர்தம். "பித்தானை விட்டாலும் சுக்கானோரத்துல இந்தத் தகடு வலப்பக்கமாவே வளைஞ்சிருக்கே. ஏன்?"

"எஞ்சின் முறுக்கு இடப்பக்கம் இழுக்கும்மா. அதைச் சமாளிக்க. நடுவுல சிக்னல் அறுந்து போனாலும் நேரா ஓடிடாம, வலப்பக்கமா சுத்திச் சுத்தி எறங்கும்."

"அன்னிக்கும் அறுந்துச்சா?"

"பாட்டரி வடிஞ்சு போச்சு. மாடி தாண்டினதும் பித்தானுக்கு மசியலை."

"வலப்பக்கம் சுத்தினா முருங்கையில மாட்டும்னு தெரியாதா?"

"அங்க மரம் இருக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான் கலியமூர்த்தி. "அந்த வீட்டை அன்னிக்குத்தானே மொத மொத தூரத்துலேருந்து பாத்தேன்."

பழனிவேல் விமானத்தின் வாலைத் திரும்பிப் பார்த்தான். காலையில் அவன் அடித்த கேலி அவனுக்கே திரும்பி வந்து நெஞ்சில் நின்றது. சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. சொன்னவன் வேறு. செய்தவன் வேறு.

ராமாமிர்தம் குனிந்து, சோற்றுப் பசையில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்தாள். "உள்ள எழுதி, மேல தாள் ஒட்டி மூடினவருக்குத்தான் இது தெரியும். படிச்சுப் பாருங்க."

கலியமூர்த்தி படித்தான். துண்டு முகத்திலிருந்து நழுவியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"அவன் எழுத்து" என்றான். "அஞ்சு வருஷம் என் பெட்டியில கெடந்துச்சு. உள்ள பேசிக்கிட்டே இருந்திருக்கான். எனக்குத் தெரியலை."

மணலில் உட்கார்ந்துவிட்டான். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

"இறக்கைக்கு வயசு அஞ்சு. உடம்புக்கு வயசு அஞ்சு மாசம்" என்றாள் ராமாமிர்தம். "காலையிலயே பாத்தேன். எழுதினவர் இந்த எஞ்சினைக் கண்ணால பாத்ததில்லை. பாத்திருந்தா மூக்குல ஈயம் வைன்னு எழுதியிருக்க மாட்டார், எஞ்சினே கனம். வீட்டு முருங்கையை இவ்வளவு கவலையா எழுதினவர், சுக்கானை அந்தப் பக்கம் வளைச்சிருக்கவும் மாட்டார். நான் நெனைக்கிறது தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுதான் வந்தேன். சொல்லுங்க."

"முகாம்ல ராத்திரிக்கெல்லாம் இறக்கையைச் சீவிக்கிட்டு இருப்பான். எஞ்சின் ஏது, ரப்பர் முறுக்குதான் கதின்னு நெனச்சிருந்தான். லீவுல போனா சாரதா மாடியில வடாம் காய வைக்கிறப்போ தலைக்கு மேல சுத்தவிடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பான். ஒரு நாள், சண்டை முனையில இருந்த களத்துக்கு ஒரு வயர்லெஸ் செட்டைக் கொண்டு போகணும். என்னோட முறை. எனக்குக் காய்ச்சல். 'நீ படுடா'ன்னுட்டு அவன் ப்ளேன்ல ஏறிப் போனான். மலையில அது விழுந்து கெடந்ததை அடுத்த வருஷந்தான் கண்டுபிடிச்சாங்க. தேடப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். கழுத்துல நம்பர் தகடு இருந்துச்சு."

அலை இரண்டு தடவை வந்து போயிற்று.

"அப்ப வீட்டுக்குத் தெரிவிக்கலையா?" என்றான் பழனிவேல்.

"எழுதினேன். சர்க்கார் கடுதாசியும் போச்சு. படையில சேர்ந்தப்போ எழுதிக் குடுத்த பாரத்துல அம்மா பேர்தானே போட்டிருந்தான்." கலியமூர்த்தி எழுந்து கொட்டகைக்குள் போய், ஒரு பழுத்த தபால் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ராமாமிர்தம் அதை உரக்கப் படித்தாள்.

'சிரஞ்சீவி கலியமூர்த்திக்கு. உன் கடிதம் வந்தது. வாசலிலேயே படித்து, வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். உள்ளே கொண்டுவரவில்லை. உள்ளே ஒரு பெண் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இருக்கிற வரைக்கும் வைத்துக்கொள்ளட்டும். நீ என் பிள்ளை மாதிரி. இந்த வீதிக்கு வராதே. இப்படிக்கு, சிவகாமியம்மாள்.'

"வருஷா வருஷம் மாசியில வருவாங்க" என்றான் கலியமூர்த்தி. "திருவந்திபுரத்துல கெடில ஆத்துல, நான்தான் அவனுக்கு எள்ளுந் தண்ணியும் விடறேன். பொம்பளை விடக்கூடாதாமே. அவுங்க கரையில உக்காந்து பாத்துக்கிட்டிருப்பாங்க. அழ மாட்டாங்க. கண்ணு வீங்கினா மருமவ கேப்பாளாம். ரயிலேறுறதுக்கு முன்னாடி குங்குமம் வாங்கி முடிஞ்சுக்குவாங்க. கப்பல்காரர் ஒருத்தர் மூலமா இந்த எஞ்சின் கெடைச்சதும் எனக்கு ஆசை விடலைம்மா. ஒரே ஒரு தடவை, அவன் சொன்ன மாதிரி அந்த மாடிக்கு மேல ஒரு சுத்து. யாருக்கும் தெரியாம திருப்பிக் கொண்டாந்துடலாம்னு நெனச்சேன். வீதியில கால் வைக்கலை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்லேருந்துதான் விட்டேன். ஒரு பொண்ணு அதை மரத்துலேருந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டதைப் பாத்தேன். எப்படிப் போய்க் கேக்கறது?"

ராமாமிர்தம் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். "தகட்டை இடப்பக்கம் வளைங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு புரிந்துகொண்டான். நகக்கண் அளவு இடப்பக்கம் வளைத்தான். மருந்துப் பாட்டிலில் மீன்வால் பட்டைப்படி இரண்டு வேளைக்கு எண்ணெய் ஊற்றினான். ஒரு வேளைக்கு ஒரு நிமிஷம் என்பது அவன் கணக்கு. முன்னால் இருந்த காற்றாடியை விரலால் சுண்டினான். எஞ்சின் பொறிவண்டாக இரைந்தது. கையை விட்டுக் கிளம்பி, கட்டுமரங்களுக்கு மேலே ஏறி, அந்த விமானம் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. பெரிய வட்டம். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. கலியமூர்த்தி பித்தானைத் தொடவே இல்லை. தொட வேண்டியிருக்கவில்லை.

"இன்னிக்குத்தான் அவன் சொன்னபடி பறக்குது" என்றான்.

இரண்டாம் வேளை தீர்ந்தது. சத்தம் நின்றது. விமானம் சத்தமில்லாமல் இன்னும் ஒரு வட்டம் போட்டு, அவன் காலடிக்கு ஐந்து முழத்தில் மணலில் வந்து படிந்தது. அவன் ரப்பர் வளையத்தை எடுத்து, இறக்கையை மட்டும் கழற்றி ராமாமிர்தத்தின் கையில் கொடுத்தான்.

"உடம்பு நான் செஞ்சது, இங்க இருக்கட்டும். இறக்கை அவனோடது. அந்தப் பொண்ணுகிட்ட சேத்துடுங்க."

திரும்பும் ரயிலில் ஆலப்பாக்கம் வரைக்கும் பழனிவேல் பேசவில்லை. டிக்கெட் பரிசோதகர் வந்து, "இது என்னய்யா, இத்தனை நீளம்?" என்று கேட்டதற்கு, "இறக்கைங்க" என்று மட்டும் சொன்னான். அவனை அறிந்தவர்கள் யாராவது கேட்டிருந்தால் உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும், "பொய் சொல்லிடலாம் அக்கா" என்றான். "யாரோ எடுத்து வச்சிருந்தது, ஆளைத் தெரியலைன்னு சொல்லிடுவோம். அந்தக் கெழவி நாலு வருஷமா கட்டின கோட்டை. நாம யாரு இடிக்க?"

"அஞ்சு வருஷம் ஊரார் கடுதாசியில மை பூசினேன் பழனி. ஒரு வரி மிச்சம் இல்லாம பூசி அனுப்பியிருக்கேன். அதை வாங்கினவங்க வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்திருப்பாங்க. இனிமே பூச மாட்டேன். அவ கேட்டா, நான் சொல்றேன்னு சொன்னேன்."

கீழ வீதி வீட்டுக்குப் போனபோது மணி ஐந்தேகால். சாரதாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் கழுவி, திருத்தமாகப் பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வீதியின் கோடி வரைக்கும் பார்த்தாள். பிறகு பழனிவேலின் கையைப் பார்த்தாள்.

"இறக்கை மட்டும் இருக்கே. உடம்பு எங்க அக்கா?"

"அது வேற ஒருத்தர் செஞ்சதும்மா" என்றாள் ராமாமிர்தம். "பறக்கவிட்டவரும் அவர்தான். உங்க வீட்டுக்காரரோட சிநேகிதர். முருங்கை இருக்கிறது அவருக்குத் தெரியாது."

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முருங்கையைச் சொல்லித்தானே அந்தப் பெண் காலையில் வாதாடினாள். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ?" என்று கேட்டாள்.

"நாப்பத்து நாலுலயே."

"அத்தைக்கு?"

பழனிவேல் தரையைப் பார்த்தான். ராமாமிர்தம் தபால் கார்டில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கெடில ஆற்றைச் சொன்னாள். குங்குமத்தைச் சொன்னாள். சாரதாம்பாள் இறக்கையை வாங்கி, அந்த எழுத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு கேட்டாள். அழுகை வந்ததும் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். சத்தம் வரவில்லை. பிறகு அவளே சட்டென்று நிறுத்தி, கண்ணைத் துடைத்தாள். வீதி முனையில் சிவகாமியம்மாள் வந்துகொண்டிருந்தாள். ஒடிசலான கிழவி, கையில் வாழையிலைப் பொட்டலம்.

"கண்ணு செவந்திருக்கா?" என்று பழனிவேலைக் கேட்டாள் சாரதாம்பாள்.

அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே கேலியில்லாத பொய் அதுதான். "இல்லைம்மா."

சிவகாமியம்மாள் படியேறினாள். வெள்ளைப் புடவைக்காரியைப் பார்த்தாள். மருமகளின் மார்போடு இருந்த இறக்கையைப் பார்த்தாள். வழக்கம்போலப் பொட்டலத்தை நீட்டினாள். "இந்தா, கதம்பம்தான் கெடைச்சுது. வச்சுக்க."

சாரதாம்பாள் கை நீட்டவில்லை. திரும்பி நின்று, தலையைக் குனிந்து பின்னலைக் காட்டினாள்.

"நீங்களே வச்சு விடுங்க அத்தை."

"என் கையாலயா? நான் வைக்கக் கூடாதுடி."

"பரவாயில்லை. வச்சு விடுங்க. நாளைக்கும் வாங்கிட்டு வாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் வாங்கிட்டு வாங்க."

தான் கார்டில் எழுதிய அதே வார்த்தையைக் கேட்டதும் கிழவியின் விரல்கள் அப்படியே நின்றுபோயின. கீழ கோபுரத்து மணி அடித்து ஓய்கிற வரைக்கும் நின்றன. பிறகு அவள் வாழையிலையைப் பிரித்து, ஒரு முழப் பூவையும் மருமகளின் தலையில் செருகினாள். செருகிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எடுத்த கையை, எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல, தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டாள்.

ராமாமிர்தம் பழனிவேலின் முழங்கையைத் தொட்டாள். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், பால் ஆறியிருக்கும், சூடு பண்ணிக் குடியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் போன காலோடு திரும்பி வரட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற கடிதம் எதுவும் வாசலிலேயே கிழிக்கிற கடிதமாக இல்லாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பூ வாங்கி வருகிற கையும், அதற்குக் குனிகிற தலையும், நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.